பழைய ஆட்டத்தை மறுபடி மேடையேற்றுவது எப்படி: வேலூரிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் நவீன நடனக் குழு 1997ல் வேலூரில் தொடங்கியது. எந்தக் காலத்திலும் பத்துப் பேரைத் தாண்டியதில்லை, சத்துவாச்சாரியில் ஒரு வீட்டு மொட்டைமாடியில் போட்ட கொட்டகைதான் ஒத்திகை இடம். மாஸ்டர் இருந்தவரை பதினாலு படைப்புகள் அமைத்தார். அதில் நாலைந்தைத்தான் எங்களைக் கூப்பிடுகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டார்கள், மீதியெல்லாம் ஒவ்வொன்றாக டிரங்குப் பெட்டிக்குள் போய்விட்டன. கூத்திலும் இதுதான் நடக்கிறது. செய்யாறு பக்கம் ஒரு கூத்து வாத்தியாரிடம் பேசிக்கொண்டிருந்தபோது அவர் சொன்னார்: "ஊர்ல கர்ண மோட்சம் கேக்குறாங்க, பதினெட்டாம் போர் கேக்குறாங்க. கேக்காத கூத்த நான் எங்க போயி ஆடுறது?" யாரும் கேட்காத கூத்து இருபது வருஷம் ஆடப்படாமல் இருந்தால், அதைத் தெரிந்த கடைசி ஆளோடு அதுவும் போய்விடும்.

1998ல் மாஸ்டர் அமைத்த ஒரு படைப்பு, தோல் பதனிடும் தொழிலைப் பற்றியது. ஆறு பேர், முப்பத்துநாலு நிமிடம். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை தொழிற்சாலைகளின் கழிவுநீர் பாலாற்றில் கலப்பதை எதிர்த்து நடந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டில் தீர்ப்புச் சொன்னது, 'வேலூர் குடிமக்கள் நல மன்றம்' வழக்கு என்று சட்டம் படிக்கிறவர்களுக்கு நாடு முழுக்கத் தெரியும். அந்தச் சூட்டில் பிறந்த ஆட்டம் அது. 2003க்குப் பிறகு மேடையேறவில்லை. 2019ல் மீட்கப் பார்த்துத் தோற்றோம், 2023ல் மறுபடி முயன்று மேடையேற்றினோம். இந்த இரண்டு முறையும் சேர்ந்து கற்றுக்கொடுத்ததைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். நவீன நடனக் குழுவுக்கு என்று எழுதினாலும் நாட்டிய நாடகம், கூத்து, பள்ளிக்கூட நடனக் குழு எதற்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

முதலில், எதை எடுப்பது என்று முடிவு செய்யுங்கள்

பெட்டியில் இருப்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் நேராக நான்கு கேள்விகள்: அதை ஆடியவர்களில் எத்தனை பேர் உயிரோடு, கூப்பிட்டால் வரும் தூரத்தில் இருக்கிறார்கள்? வீடியோ, கேசட், நோட்டு என்று என்ன மிச்சம் இருக்கிறது? இன்றைக்குக் குழுவில் இருக்கிறவர்களின் உடம்புக்கு அது பொருந்துமா? நான்காவது, பலரும் கேட்காமல் விடுவது: அது ஏன் நின்றது?

இந்த நான்காவது கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்லியே ஆகவேண்டும். சில ஆட்டங்கள் பணமில்லாமல் நின்றிருக்கும், சில முக்கியமான ஒருத்தர் கல்யாணமாகி ஊர் மாறியதால் நின்றிருக்கும். சில நின்றதே நல்லதாக இருக்கும். எங்கள் பட்டியலில் இருந்த ஒன்றில் குள்ளமான ஒருவரை வைத்துச் சிரிப்புக் காட்டும் பகுதி இருந்தது, அந்தக் காலத்தில் கைதட்டல் வாங்கியது, அதை நாங்கள் மறுபடி தொடப் போவதில்லை. பழசு என்பதற்காகவே எல்லாவற்றையும் தூசி தட்ட வேண்டியதில்லை.

ஆதாரம் ஏராளமாக இருக்கும் படைப்பைவிட ஆட்கள் இருக்கும் படைப்பை எடுங்கள். வீடியோ அப்படியே இருக்கும், பத்து வருஷம் கழித்துக்கூடப் பார்க்கலாம். ஆட்கள் காத்திருக்க மாட்டார்கள்.

ஆடியவர்களைத் தேடிப் போங்கள்

உலகத்தில் இதை நன்றாகச் செய்த குழுக்களைப் பார்த்தால் எல்லாவற்றிலும் ஒரு ஆள் இருப்பார். அமெரிக்க நவீன நடனக் கலைஞர் மார்த்தா கிரஹாம் 1936ல் அமைத்த 'க்ரானிகிள்' படைப்பின் ஒரு பகுதியான 'ஸ்டெப்ஸ் இன் த ஸ்ட்ரீட்' பல பத்தாண்டுகள் ஆடப்படாமல் கிடந்தது. 1989ல் அதை மீட்டபோது ஒரு பழைய படச்சுருள் கையில் இருந்தது உண்மைதான், ஆனால் அந்தச் சுருளைப் பார்த்து வேலை செய்தவர் கிரஹாமின் குழுவில் வருஷக்கணக்காக ஆடிய யூரிகோ, கிரஹாமும் அப்போது உயிரோடு இருந்தார். நம் பக்கத்தில் சென்னையின் நடன அமைப்பாளர் சந்திரலேகா. 2006 டிசம்பரில் அவர் மறைந்த பிறகும், 2001ல் அவர் அமைத்த 'சரீரா' மேடையேறிக்கொண்டு இருந்தது, ஏனென்றால் அதை ஆடியவர்களின் உடம்பிலேயே அது இருந்தது.

ஆள் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு ரஷ்ய பாலே கலைஞர் நிஜின்ஸ்கியின் 'ரைட் ஆஃப் ஸ்பிரிங்' உதாரணம். 1913ல் பாரீசிலும் லண்டனிலும் பத்துக்கும் குறைவான காட்சிகள் ஆடப்பட்டு நின்றுபோனது. மிலிசென்ட் ஹாட்சன், கென்னத் ஆர்ச்சர் என்ற இரண்டு ஆய்வாளர்கள், இசைத்தாளின் ஓரத்தில் அந்தக் காலத்தில் எழுதப்பட்ட குறிப்புகள், அரங்கில் உட்கார்ந்து ஒருவர் வரைந்த ஓவியங்கள், மிஞ்சிய உடைகள், பார்த்தவர்களின் நினைவு என்று வருஷக்கணக்காகத் துண்டு துண்டாகச் சேர்த்து, 1987ல்தான் ஜாஃப்ரி பாலே குழு அதை மேடையேற்றியது. அதற்குள் எழுபத்துநாலு வருஷம் போய்விட்டது, அப்படியும் அது எவ்வளவு தூரம் நிஜின்ஸ்கியின் ஆட்டம் என்ற கேள்வி இன்னும் இருக்கிறது.

எங்கள் படைப்பின் ஆறு பேரில் ஒருவர் இறந்துவிட்டார், இருவர் வெளிநாட்டில். மூன்று பேர் கிடைத்தார்கள்: ஒருவர் ஆற்காட்டில் துணிக்கடை வைத்திருக்கிறார், ஒருவர் சென்னையில், இன்னொருவர் குடியாத்தத்தில் உடற்பயிற்சி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். அவரை நாங்கள் அக்கா என்றுதான் கூப்பிடுவோம், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

போகும்போது கேள்விப் பட்டியலை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். இருபது வருஷம் கழித்து ஒருத்தரிடம் போய் "மூன்றாவது பகுதியில் எந்தக் கால் முன்னால் போகும்?" என்று கேட்டால் "எனக்கு எதுவுமே ஞாபகம் இல்லப்பா" என்றுதான் பதில் வரும், அக்காவும் அதைத்தான் சொன்னார். அவர் வீட்டு அடுப்படியில் டீ போட்டுக்கொண்டு இருந்தார். நான் போனில் ஆட்டத்தின் இசையிலிருந்து முகவீணைப் பகுதியை (கூத்தில் ஊதும் சின்னக் குழல்) மட்டும் ஓடவிட்டேன். கையில் டீ வடிகட்டி, முதுகு எங்களைப் பார்த்து இருந்தது, இடுப்பு மெதுவாக இடது பக்கம் இறங்கியது, வலது குதிகால் தரையை விட்டு எழுந்தது, எட்டாவது எண்ணிக்கையில் தலை திரும்பியது. அவருக்கே தெரியவில்லை. நான் சொன்ன பிறகுதான் "ஐயோ, இது அங்க வர்றதுதானே!" என்றார்.

அதனால் இசையோடு போங்கள், பாட்டு இல்லையென்றால் எண்ணிக்கையையாவது வாயால் சொல்லுங்கள். ஒருவரை இரண்டு மூன்று முறை பாருங்கள், முதல் தடவை வராதது மூன்றாம் தடவை வரும். முடிந்தால் இருவரை ஒன்றாக உட்கார வையுங்கள். ஒருவர் தப்பாகச் சொன்னால் மற்றவர் எழுந்து நின்று ஆடிக் காட்டிவிடுவார், அந்தச் சண்டையில்தான் நிறைய வெளியே வரும். எல்லாவற்றையும் வீடியோ எடுங்கள், தலை முதல் கால் வரை தெரியும்படி, கேமராவை நகர்த்தாமல்.

அனுமதிக் கடிதம்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஆனால் தவிர்க்காதீர்கள். 1957ம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் நடன அமைப்பு, நாடகப் படைப்பு என்ற வகைக்குள் வருகிறது. எழுத்திலோ வேறு விதத்திலோ பதிவாகியிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அமைத்தவர் காலம் முழுக்க உரிமை அவரிடம் இருக்கும், அவர் இறந்த பிறகு வாரிசுகளிடம் போய் அறுபது வருஷம் இருக்கும். அதனால் அமைத்தவர் இருந்தால் அவரிடம், இல்லையென்றால் குடும்பத்தாரிடம் ஒரு பக்கக் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள்: எந்தப் படைப்பு, எத்தனை காட்சி, என்ன மாற்றம் செய்யலாம், யார் பெயர் எப்படி வரும். எங்கள் மாஸ்டர் 2011ல் போய்விட்டார். அவர் மனைவியிடம் போனபோது "இதுக்கெல்லாம் லெட்டர் எதுக்குப்பா, உங்க மாஸ்டர் ஆட்டம்தானே" என்றார், ஆனாலும் கேட்டு வாங்கினோம். கிரஹாம் 1991ல் இறந்த பிறகு அவருடைய படைப்புகள் யாருக்குச் சொந்தம் என்று நியூயார்க்கில் நடந்த வழக்கில் ஒரு முழுக் குழுவே ஆட முடியாமல் முடங்கிக் கிடந்தது. பாசம் இருக்கும்போதே எழுதி வாங்கிவிடுவது எல்லோருக்கும் நல்லது.

இசைக்குத் தனி அனுமதி வேண்டும். கட்டணம் வாங்காமல் தொழில்முறையல்லாத (அமெச்சூர்) குழுக்கள் நடத்தும் நிகழ்ச்சிக்குச் சட்டத்தில் சலுகை உண்டு, டிக்கெட் போட்டால் அந்தச் சலுகையை நம்ப வேண்டாம்.

கேசட்டும் வீடியோவும்

வீடியோ கேசட்டைக் கையில் எடுத்ததும் பிளேயரில் போடாதீர்கள். கேசட்டின் மூடியைத் திறந்து டேப்பைப் பாருங்கள், வெள்ளையாகப் பொடி மாதிரி படிந்திருந்தால் பூஞ்சை. அதை அப்படியே ஓட்டினால் டேப்பும் கெடும், பிளேயரின் ஹெட்டும் கெடும், அடுத்துப் போடும் கேசட்டுக்கும் பரவும். டிஜிட்டலாக மாற்றித் தருகிற ஆளிடம் கொடுத்துச் சுத்தம் செய்து, ஒரே ஓட்டத்தில் முழுசாகப் பதிவு செய்துவிடுங்கள், இரண்டாவது ஓட்டத்துக்கு டேப் தாங்குமா என்று சொல்ல முடியாது. எங்களிடம் இருந்த இரண்டில் ஒன்று மொட்டைமாடி அறையில் பல கோடைகளைப் பார்த்தது, வேலூர் வெயில் எப்படி என்று இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, பாதிக்கு மேல் கோடுதான் வந்தது.

பதிவான பிறகு வேகத்தைச் சரிபாருங்கள். பழைய பிளேயர் கொஞ்சம் மெதுவாக ஓடினாலும் முப்பது நிமிட ஆட்டத்தில் அது பெரிய வித்தியாசமாகிவிடும். சுருதி தெரிந்த ஒரு வாத்தியச் சத்தத்தை வைத்துப் பிடிக்கலாம். எங்களுக்கு ஆர்மோனியம் உதவியது, எந்தக் கட்டையில் வாசித்தார்கள் என்று வாசித்தவருக்கு ஞாபகம் இருந்தது.

அப்புறம் வீடியோ எதைக் காட்டவில்லை என்று ஒரு பட்டியல் போடுங்கள். கேமராக்காரர் தனியாக ஆடுகிறவரையே துரத்தியிருப்பார், பின்னால் ஐந்து பேர் என்ன செய்தார்கள் என்பது தெரியாது. கல்யாண வீடியோ எடுக்கிறவர்கள் முகத்துக்குப் போய்விடுவார்கள், பாதம் தெரியவே தெரியாது. பக்கவாட்டில் வைத்து எடுத்திருந்தால் மேடையின் அகலம் காணாமல் போகும். இருட்டில் மஞ்சள் விளக்கு போட்ட இடமெல்லாம் வெள்ளைத் திட்டாக எரிந்துபோயிருக்கும். இன்னொன்று, எதிரே நின்று எடுத்த படத்தைப் பார்த்துப் பழகினால் இடது வலது குழம்பும். படத்தை இடவலமாகத் திருப்பி ஒரு பிரதி வைத்துக்கொண்டால் கண்ணாடியைப் பார்ப்பது மாதிரி பழகலாம், ஆனால் அதன் பெயரிலேயே 'திருப்பியது' என்று எழுதிவையுங்கள், இல்லையென்றால் இரண்டு வாரம் கழித்து எது அசல் என்று யாருக்கும் தெரியாது.

நோட்டு போடுங்கள்

நடனத்தை எழுத ஐரோப்பாவில் ருடால்ஃப் லாபன் 1928ல் ஒரு குறியீட்டு முறையை வெளியிட்டார், தாளின் அடியிலிருந்து மேல்நோக்கிப் படிக்க வேண்டும். கர்ட் யோஸ் 1932ல் அமைத்த போர் எதிர்ப்புப் படைப்பான 'க்ரீன் டேபிள்' இத்தனை வருஷம் நிலைத்ததற்கு அந்த முறையில் எழுதி வைத்ததும் ஒரு காரணம். நமக்கு அதைக் கற்க நேரமில்லை, கற்றவர்களும் பக்கத்தில் இல்லை. ஆனால் நம்மிடம் சொற்கட்டு இருக்கிறது. 'தெய்யா தெய்' என்றதும் நாட்டியம் படித்த பிள்ளைக்குக் காலும் கையும் தெரிந்துவிடுகிறது என்றால் அதுவும் ஒரு குறியீட்டு முறைதான். உங்கள் படைப்பில் அடிக்கடி வரும் அசைவுகளுக்கு நீங்களே பெயர் வையுங்கள். நாங்கள் 'தொட்டி மிதி', 'கொக்கி', 'உதறல்', 'சுரண்டல்' என்று வைத்துக்கொண்டோம்.

ஒரு நீள நோட்டில் ஐந்து கட்டம். எண்ணிக்கை, மேடையில் எங்கே, அசைவின் பெயர், பார்வை எங்கே, ஐந்தாவது கட்டத்தில் அந்த அசைவு ஏன் என்று. அந்த ஐந்தாவது கட்டத்தைக் காலியாக விட்டதால்தான் 2019ல் தோற்றோம்.

எடையைத் தேடுங்கள்

2019ல் நாங்கள் செய்தது இதுதான்: வீடியோவைத் திரையில் போட்டு, ஒவ்வொரு எட்டு எண்ணிக்கையாக நிறுத்தி, பிள்ளைகள் அப்படியே பார்த்துப் பழகினார்கள். நாலு மாதத்தில் வீடியோவில் இருந்த அளவு முழுசும் வந்துவிட்டது. கை சரி, கால் சரி, ஃபார்மேஷன் சரி. தெரிந்தவர்கள் இருபது பேரை அழைத்து ஆடிக் காட்டினோம், அத்தனை பேரும் அமைதியாகப் பார்த்துவிட்டு "நல்லா இருந்தது" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். உயிரில்லை என்று எங்களுக்கே தெரிந்தது, ஏன் என்று தெரியவில்லை. அதோடு கொரோனா வந்தது, விட்டுவிட்டோம்.

2023ல் அக்காவை ஒத்திகைக்கு அழைத்து வந்தோம். முதல் பகுதியில் இருவர் சுண்ணாம்புத் தொட்டியிலிருந்து தோலை இழுத்துத் தூக்கி, உதறி, விட்டத்தில் போடுவது மாதிரி ஓர் அசைவு, பதினாறு எண்ணிக்கை. மேடையில் தோலும் கிடையாது, தொட்டியும் கிடையாது. பிள்ளைகள் ஆடினார்கள், பார்க்க அழகாகத்தான் இருந்தது. அக்கா நாற்காலியிலிருந்து எழுந்து வந்து, ஆடிய ஒரு பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "வெறுங்கையத் தூக்குறியேம்மா, தோலு எங்க இருக்குது?"

அவருடைய அப்பா பேரணாம்பட்டில் ஒரு தொழிற்சாலையில் தோல் வேலை பார்த்தவர். "எங்க நைனா நனைஞ்ச மாட்டுத்தோல இழுக்கும்போது கையால இழுக்க மாட்டாரு. இடுப்ப கீழ எறக்குவாரு. வழுக்கும், அதனால கட்டவெரலு ஊனி நிப்பாரு. தூக்குறதுக்கு முன்னாடியே மூச்சு உட்டுருவாரு." 1998ல் மாஸ்டர் இதையெல்லாம் அக்காவிடமும் அவருடைய அப்பாவிடமும் கேட்டுத்தான் அந்தப் பதினாறு எண்ணிக்கையை அமைத்திருக்கிறார். வீடியோவில் கட்டைவிரல் தெரியவில்லை, மூச்சும் தெரியவில்லை. நாங்கள் நாலு மாதம் கைகளைத்தான் படித்திருக்கிறோம்.

மறுநாள் மண்டித்தெருவிலிருந்து எட்டு சணல் சாக்கு வாங்கி வந்தோம். தொட்டியில் இரவெல்லாம் ஊறப்போட்டு, காலையில் சொட்டச் சொட்ட எடுத்து, ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டிரண்டைச் சேர்த்து, இருவர் இருவராகத் தூக்கி உதறச் சொன்னோம். பத்து நாள் ஆட்டமே கிடையாது, சாக்குத் தூக்குவது மட்டும். முதல் நாள் தோள்பட்டை வலிக்கிறது என்றார்கள், மூன்றாம் நாள் இடுப்பு தானாகக் கீழே இறங்கிவிட்டது, ஐந்தாம் நாள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே சேர்ந்து மூச்சு விட ஆரம்பித்தார்கள். பதினோராம் நாள் சாக்கை எடுத்துவிட்டு இசையைப் போட்டோம். ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பையன் தன் மேல் தண்ணீர் தெறிக்கும் என்று காலை மடக்கிக்கொண்டான். அன்றைக்குத்தான் இந்த ஆட்டம் திரும்பி வந்துவிட்டது என்று எனக்கு நம்பிக்கை வந்தது.

உங்கள் படைப்பு எதைப் பற்றியதோ அதன் எடையை இப்படித் தேடுங்கள். நெசவைப் பற்றி என்றால் குடியாத்தத்திலோ ஆரணியிலோ ஒரு தறிக்குழியில் போய் உட்காருங்கள். அறுவடை என்றால் வயலுக்குப் போங்கள். எந்தக் கருவும் இல்லாத வெறும் அசைவாக இருந்தாலும், ஒவ்வொரு அசைவும் எங்கே தொடங்குகிறது, எது இழுக்கிறது, எது விடுகிறது என்று பழையவர்களிடம் கேட்டு ஐந்தாவது கட்டத்தை நிரப்புங்கள். நிரப்ப முடியாத இடம் வந்தால் அங்கே தனிக் குறி போடுங்கள், அது நீங்கள் புதிதாக அமைக்க வேண்டிய இடம்.

ஒத்திகைக் கணக்கு

மூன்று மாதம் வேண்டும். எங்கள் குழுவில் ஒரு பெண் மருத்துவமனையில் நைட் டூட்டி பார்க்கிறவர், ஒரு பையன் ஆம்பூரில் ஷூ கம்பெனியில் ஷிஃப்ட், மற்றவர்கள் கல்லூரி. ஆறு பேரும் சேரும் நேரம் வாரத்தில் மூன்று நாள்தான் கிடைத்தது, அதனால் இருவர் இருவராகப் பிரித்துப் பழக்கி, ஞாயிற்றுக்கிழமை மட்டும் முழுசாக ஓட்டினோம். சித்திரை, வைகாசியில் வைத்துக்கொள்ளாதீர்கள். அக்கினி நட்சத்திரத்தில் இந்த ஊரில் காலை எட்டு மணிக்கு மேல் ஓடு போட்ட கொட்டகைக்குள் ஆடுவது உடம்புக்கு ஆகாது. வேறு வழியில்லையென்றால் விடிகாலை ஐந்தரைக்குத் தொடங்கி ஏழரைக்கு முடியுங்கள், உப்புப் போட்ட மோர் ஒரு குடம் தயாராக இருக்கட்டும்.

தரையைக் கவனியுங்கள். அந்தக் காலத்தில் சிமெண்டுத் தரையில் குதித்து ஆடினார்கள், இன்றைக்கு அவர்களில் பாதிப் பேருக்கு முட்டிவலி. குதிப்புகள் இருக்கும் பகுதிக்கு ரப்பர் விரிப்பின் மேல் பிளைவுட் பலகை போட்டுப் பழக்குங்கள். பழைய ஆட்டத்தில் இருந்த கெட்ட பழக்கத்தையும் சேர்த்து மீட்க வேண்டியதில்லை.

பழையவர்களை ஒத்திகையில் எப்படி வைத்துக்கொள்வது என்பதும் முக்கியம். அவர்களை ஓரமாக நாற்காலியில் உட்கார வைத்து, பொன்னாடை போர்த்தி, கடைசியில் நாலு வார்த்தை பேசச் சொல்லாதீர்கள். நடுவில் நிறுத்தும் உரிமை அவர்களுக்கு இருக்க வேண்டும். போக்குவரத்துச் செலவும், முடிந்த அளவு ஒரு தொகையும் கொடுங்கள், அது அவர்கள் உழைப்பு. அதே சமயம் இருவர் இரண்டு விதமாகச் சொன்னால் யார் சொல்வது இறுதி என்று முதல் நாளே பேசி வையுங்கள், எங்களுக்கு இதில் ஒரு வாரம் வீணானது.

இசை, உடை, விளக்கு

எங்கள் இசையில் பறை, முகவீணை, ஆர்மோனியம். முகவீணை வாசித்தவர் கூத்துக்காரர், இப்போது இல்லை. கேசட்டிலிருந்து எடுத்த அவருடைய வாசிப்பை அப்படியே வைத்துக்கொண்டு, பறையை மட்டும் மேடையில் நேரடியாக அடிக்க வைத்தோம். பதிவான இசைக்கு எண்ணிக்கை மாறாது, நேரடிப் பறைக்குக் கொஞ்சம் மாறும், அதனால் பறை அடிக்கிறவர் முதல் ஒத்திகையிலிருந்தே கூட இருக்க வேண்டும், கடைசி வாரம் வந்து சேர்ந்தால் சரிவராது.

உடை சாதாரணப் பருத்தித் துணிதான், ஆனால் நிறம் ஆவாரம்பட்டையில் தோய்த்தது. பழைய முறையில் தோல் பதனிடுவதும் ஆவாரம்பட்டை, கடுக்காய் போட்டுத்தான், அதனால் மாஸ்டர் துணிக்கும் அதையே பிடித்திருக்கிறார். கடையில் அதே நிறத்தில் துணி கிடைத்தது, இருந்தாலும் பட்டையை வாங்கிக் கொதிக்கவைத்துத் தோய்த்தோம். வேர்வையில் அது விடுகிற வாசனை ஆடுகிறவர்களுக்கு எதையோ செய்கிறது.

விளக்கில் ஏமாறாதீர்கள். 1998ல் பார்கேன் என்ற பழைய மேடை பல்பு விளக்கில் மஞ்சள் ஜெலட்டின் தாள் போட்டார்கள், இப்போது எல்லா இடத்திலும் எல்ஈடி. அதில் 'ஆம்பர்' என்று வைத்தாலும் அந்தக் காவி நிறம் ரோஸ் மாதிரி தெரிந்தது. உடையை எடுத்துக்கொண்டு போய் விளக்குக்காரர் எதிரிலேயே ஒவ்வொரு நிறமாகப் போட்டுப் பாருங்கள். பழைய விளக்கு இரண்டு வாடகைக்குக் கிடைத்தால் முன்பக்கத்துக்கு அதையே வையுங்கள்.

எதை மாற்றலாம்

மூன்று வேலைகள் இருக்கின்றன, அவற்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. இருந்ததை இருந்தபடி ஆடுவது ஒன்று. தொலைந்த இடங்களை ஊகித்து நிரப்புவது இன்னொன்று. பழையதை எடுத்து இன்றைக்கு வேறொன்றாகச் செய்வது மூன்றாவது. ஜெர்மன் நடன அமைப்பாளர் பீனா பௌஷ் 1978ல் அமைத்த 'கான்டாக்ட்ஹோஃப்' படைப்பை 2000ல் அறுபத்தைந்து வயது தாண்டியவர்களையும் 2008ல் பதின்வயதுப் பிள்ளைகளையும் வைத்துத் தானே மறுபடி மேடையேற்றினார். அசைவுகள் பெரும்பாலும் அவையேதான், உடம்புகள் வேறு, அதனால் அர்த்தமே வேறாகிவிட்டது. அமைத்தவர் செய்யும்போது அந்தத் துணிச்சலுக்கு மரியாதை உண்டு. நாம் செய்யும்போது, எந்த வேலை செய்தோம் என்பதை நிகழ்ச்சித் தாளில் சொல்லிவிட வேண்டும்.

எங்கள் ஆட்டத்தில் நாலாவது பகுதி, வறண்ட பாலாறு. ஆறு பேரும் தரையில் கிடந்து மணலாக மாறுவது மாதிரி. ஆனால் 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் கரைபுரண்டு ஓடியதை இந்தப் பிள்ளைகள் பார்த்திருக்கிறார்கள், "ஆறுன்னா மணல்னு ஏன் வருது?" என்று ஒருவன் கேட்டான். மாற்றலாமா என்று ஒரு மாதம் பேசினோம். மாற்றவில்லை. மாஸ்டர் பார்த்த ஆறு அதுதான், அதைச் சொல்லும் உரிமை அவருக்கு இருக்கிறது. தொலைந்துபோன இரண்டு நிமிடம் மட்டும் நாங்கள் புதிதாக அமைத்தோம், தாளில் 'ஐந்தாம் பகுதியின் முதல் இரண்டு நிமிடம் 2023ல் அமைக்கப்பட்டது' என்று அச்சிட்டோம்.

மேடையேற்றும் நாள்

கல்யாண மண்டபத்தை யோசிக்காமல் பிடிக்காதீர்கள், மேடை ஆழம் குறைவு, பின்னால் அலங்காரச் சுவர், குதிக்கும்போது தலை மேலே இடிக்கும் அளவுக்கு சில இடங்களில் தாழ்வு. முதலில் ஒப்புக்கொண்ட ஒரு அரங்கம் நிகழ்ச்சிக்கு ஒன்பது நாள் இருக்கும்போது வேறு விசேஷத்துக்குக் கொடுத்துவிட்டார்கள், முன்பணத்துக்கு ரசீது வாங்காதது எங்கள் தவறு. கடைசியில் ஒரு கல்லூரி அரங்கம் கிடைத்தது. திறந்தவெளி என்றால் ஒலிபெருக்கிக்குக் காவல்துறை அனுமதி வாங்கிவிடுங்கள், இரவு பத்து மணிக்குள் முடியுங்கள்.

முதல் வரிசை நாற்காலிகளைப் பிரமுகர்களுக்கு வைக்காமல், அந்தக் காலத்தில் ஆடியவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் வையுங்கள். எந்தத் தொழிலைப் பற்றி ஆடுகிறீர்களோ அந்தத் தொழில் செய்கிறவர்களை நேரில் போய் அழையுங்கள், போஸ்டர் பார்த்து வரமாட்டார்கள். பேரணாம்பட்டிலிருந்து ஒரு வேனில் பதினோரு பேர் வந்தார்கள். 'சுரண்டல்' பகுதி வந்தபோது பின்வரிசையில் ஒரு பெரியவர் எழுந்து நின்றுகொண்டே பார்த்தார், அது முடியும்வரை உட்காரவில்லை.

அடுத்தவர்களுக்குப் பெட்டி

அமெரிக்க நடன அமைப்பாளர் மெர்ஸ் கன்னிங்ஹாம் 2009ல் இறப்பதற்கு முன்பே தன் குழு என்ன ஆக வேண்டும் என்று திட்டம் போட்டு வைத்தார். அதன்படி இரண்டு வருஷம் உலகம் சுற்றி ஆடிவிட்டு 2011 டிசம்பர் 31ம் தேதி நியூயார்க்கில் கடைசிக் காட்சியோடு குழு கலைந்தது. ஒவ்வொரு முக்கியப் படைப்புக்கும் வீடியோ, குறிப்பு, இசை, உடை, விளக்கு விவரம் எல்லாம் சேர்த்து ஒரு டிஜிட்டல் தொகுப்பு செய்து வைத்திருக்கிறார்கள், வேறு குழுக்கள் அனுமதி பெற்று அதை வைத்துப் பழகலாம். அவ்வளவு பணம் நமக்கு வேண்டாம், ஒரு பென்டிரைவும் ஒரு தகரப் பெட்டியும் போதும்.

மேடைக் காட்சியை இரண்டு கேமராவில் எடுங்கள், ஒன்று மேடை முழுக்கத் தெரியும்படி அசையாமல், இன்னொன்று பாதங்களுக்காக மட்டும். விளக்கு முழுசாகப் போட்டு ஒத்திகை உடையில் ஒருமுறை, பின்னாலிருந்து ஒருமுறை. பழையவர் பக்கத்தில் நின்று 'இங்கே மூச்சு விடு, இங்கே பார்க்காதே' என்று சொல்லிக்கொண்டே வர, அது காதில் விழும்படி ஒருமுறை. இந்தக் கடைசி வீடியோதான் எல்லாவற்றிலும் பெரிய சொத்து. மூன்று பிரதி, மூன்று வெவ்வேறு வீட்டில். வருஷத்துக்கு ஒருமுறை, பொங்கலுக்கு வீடு சுத்தம் செய்யும்போது, மூன்றையும் திறந்து ஓடுகிறதா என்று பாருங்கள்.

எங்கள் பெட்டியில் நீள நோட்டு, அனுமதிக் கடிதம், இசை, விளக்குக்காரர் எழுதிக் கொடுத்த தாள், ஆவாரம்பட்டை அளவும் கொதிக்கவைத்த நேரமும் எழுதிய சீட்டு, ஒரு உடை இருக்கின்றன. கூடவே எட்டு சாக்கில் நல்லதாக இரண்டைக் காயவைத்து மடித்து வைத்தோம். மேலே ஒரு அட்டையில் அக்கா கைப்பட எழுதினார்: 'ராத்திரி முழுக்க ஊறணும். ரெண்டு பேரா தூக்கணும்.'